விருந்தாய் வந்தவர் விருந்தோம்பினால்

அயல்நாட்டில் குடியேறியோர் தம் வாழ்வைத் தாமே எழுதும் நூல்களுள் ஒரு வகை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலத்தில் இடையறாது வெளிவந்துகொண்டிருக்கிறது. மழையும் மூடுபனியும் மிக்க இங்கிலாந்தில் அலுவலக வாழ்வு சலித்துப்போன ஒரு தம்பதியர், தம் வீட்டை விற்றுவிட்டுப் பிரான்சு நாட்டின் சிற்றூர் ஒன்றில் பழைய கல்வீட்டை வாங்குகின்றனர். கூரை ஒழுகுகிறது. கொத்தனார் வருவதாகச் சொன்ன நாளில் வருவதில்லை. அண்டை வீட்டு உழவர் ஊற்றித் தரும் திராட்சை மதுவும் சந்தையில் வாங்கும் பாலாடைக்கட்டியும் அவர்தம் துயரை ஆற்றுகின்றன. ஆண்டு முடிவதற்குள் வீடும் சீராகிவிடுகிறது, மனமும் சீராகிவிடுகிறது. இவ்வகைக்குத் தாய்நூல் என்று கூறத்தக்கது பீட்டர் மேல் 1989-இல் வெளியிட்ட ‘புரோவான்சில் ஓர் ஆண்டு’. விளம்பரத் துறையில் பணியாற்றியவர் அவர். வோக்லூஸ் மாவட்டத்து மெனெர்ப் என்னும் ஊரின் அருகே குடியேறி, தம் முதல் ஆண்டை மாதவாரியாக எழுதினார். 1993-இல் பி.பி.சி. நிறுவனம் அதனைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. அவ்வழியே பின்வந்தவர் பலர். வந்ததை எழுதியவரும் பலர்.

வீடு வாங்கியவர்களைப் பற்றி இத்துணை நூல்கள் இருக்க, ஊரின் மதுக்கூடத்தை வாங்கி நடத்தியவர்களைப் பற்றி நம் நெஞ்சில் நிற்கும்படியான நூல் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. அத்தகையோர் இல்லாமல் இல்லை. தோர்தோன், ஷராந்த், லிமூசேன், பிரித்தானி ஆகிய பகுதிகளில் ஆங்கிலேயர் நடத்தும் சிற்றூர் மதுக்கூடங்கள் உண்டு. அவர்களுடைய அன்றாட வாழ்வை அளவுகோலாக வைத்து, பிரெஞ்சுச் சிற்றூரைப் பற்றிப் பலரும் போற்றும் சில நூல்களை நிறுத்துப் பார்ப்பதே நாம் ஈண்டு செய்ய முற்படுவது.

மதுக்கூடம் என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம் வாசகர்களுள் பலர் முகம் சுளிக்கக்கூடும். அச்சொல்லுக்குப் பின்னே நம் இல்லங்களில் சிந்தப்படும் கண்ணீரை நாம் அறியாதவரல்லேம். ஆயினும் பிரெஞ்சுச் சிற்றூரின் கஃபே என்பது வேறொரு பொருள். காலை ஏழு மணிக்கே அது திறந்துவிடும். வேலைக்குச் செல்லும் மேசனும் பால்வண்டி ஓட்டுநரும் நின்றபடியே சிறு கோப்பையில் கடுங்காப்பி அருந்திச் செல்வர். வாசலில் காரட் கிழங்கின் பெயரால் வழங்கும் செந்நிறப் பலகை தொங்கினால் அங்குப் புகையிலை விற்கும் உரிமை உண்டென்று பொருள். உள்ளூர் நாளிதழ் அங்கே கிடைக்கும், குதிரைப் பந்தயச் சீட்டும் கிடைக்கும். ஊரின் அடுமனை மூடப்பட்டுவிட்டதெனில், அடுத்த ஊரிலிருந்து வரும் ரொட்டியை எடுத்துவைத்துக் கொடுப்பதும் அந்தக் கடையே. நண்பகலில் ஒரே ஒரு வகை உணவு. மாலையில் பெலோத் என்னும் சீட்டாட்டம். அடக்கச் சடங்கு முடிந்து கோவிலிலிருந்து வெளியே வருவோர் துக்கம் ஆற அமர்வதும் அங்கேதான். நவம்பர் 11 அன்று போரில் இறந்தோர் நினைவுத்தூணில் மலர்வளையம் வைத்தபின் ஊரார் கால் தாமாக நடப்பதும் பெரும்பாலும் அத்திசையிலேயே.

இந்தக் கடைகள் அருகிவருகின்றன. 1960-ஆம் ஆண்டளவில் பிரான்சு முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் கஃபேக்கள் இருந்தன என்பர். 2010-களின் இறுதியில் அவை 40,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. காரணங்கள் பல. உழவரின் எண்ணிக்கை குறைந்தது, தொலைக்காட்சி வந்தது. வண்டியோட்டுவோரின் இரத்தத்தில் இருக்கலாகும் மதுவின் அளவு 1995-இல் லிட்டருக்கு 0.5 கிராமாகக் குறைக்கப்பட்டது. 2008 சனவரி முதல் நாளிலிருந்து கஃபேக்களுக்குள் புகைப்பது தடைசெய்யப்பட்டது. இவற்றுள் பின்னைய இரண்டும் மக்களின் நலத்திற்காகச் செய்யப்பட்டவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், குடிப்பதற்காக அன்றிக் கூடுவதற்காகவே அங்கு வந்த முதியவரும் அதனால் வீட்டிலேயே தங்கிவிட்டார். 2019-இல், 3,500-க்கும் குறைந்த மக்கள்தொகையுள்ள ஊர்களில் கஃபேக்களைத் திறக்கவும் காக்கவும் ‘ஆயிரம் கஃபேக்கள்’ என்னும் முயற்சி தொடங்கப்பட்டதென்றால் இழப்பின் அளவை உய்த்துணரலாம்.

அயல்நாட்டார் இதற்குள் எவ்வாறு நுழைந்தனர் என்பதை விளங்கிக்கொள்ள உரிமச் சட்டத்தைச் சற்றே அறிதல் வேண்டும். வடித்தெடுத்த கடும் மதுவகைகளையும் விற்பதற்கு ‘நான்காம் வகை உரிமம்’ தேவை. அதனைப் புதிதாக உண்டாக்கும் வழி பொதுவாக இல்லை. இருப்பதை ஒருவர் மற்றொருவரிடமிருந்து வாங்கவேண்டும். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாவிடில் உரிமம் செத்துப்போகும். (சிற்றூர்களுக்கென இவ்விதியை 2019 இறுதியில் ஒரு சட்டம் மூன்றாண்டுகளுக்குத் தளர்த்தியது.) ஆகவே, நாற்பது ஆண்டுகள் கடை நடத்திய முதிய தம்பதியர் ஓய்வுபெற விரும்பும்போது, நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகள் திரும்பிவராத நிலையில், ஊரின் உரிமம் ஊசலாடுகிறது. வாங்குவார் உள்ளூரில் இலர். அந்த வேளையில்தான் இலண்டனிலோ லீட்ஸிலோ சிறுவீடொன்றை நல்ல விலைக்கு விற்ற இருவர் வந்து நிற்கின்றனர். ஊருக்கு அவர்கள் தேவைப்படுகின்றனர். அவர்களை ஊர் விரும்பி அழைத்ததா என்பது வேறு வினா.

இனி அவர்களுடைய நாள் எப்படிப்பட்டது? விற்பனைக்கு முன் குறைந்தது இருபது மணிநேரப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கவேண்டும். பயிற்சி பிரெஞ்சு மொழியில் நடக்கும். சட்டமும் நலவாழ்வும் குற்றவியலும் கலந்த அந்த மொழி, சுற்றுலாக் கையேட்டில் கற்ற மொழியன்று. கடை திறப்பதற்குப் பதினைந்து நாள்களுக்கு முன் ஊராட்சி மன்றத்தில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். பொதுவிடத்தில் குடித்து மயங்குவதைத் தண்டிக்க 1873-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழிவந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டவேண்டும். வானொலியைத் திருப்பி வைத்தால்கூட இசையமைப்பாளர் உரிமைச் சங்கத்திற்குக் கட்டணம் செலுத்தவேண்டும். மதுவுக்கு ஒரு வரிவிகிதம், சமைத்த உணவுக்கு வேறொரு வரிவிகிதம். சமூகக் காப்பீட்டுக் கட்டணம் கேட்டு வரும் கடிதம், கடையில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வந்துசேரும். கோடையின் இரண்டு மாதங்கள் ஈட்டியதைக் குளிர்காலத்தின் ஐந்து மாதங்கள் தின்றுவிடும். பிப்ரவரி மாதத்து மாலையில் மூவர் அமர்ந்திருக்கும் கூடத்தைச் சூடாக்க ஆகும் செலவு, அம்மூவர் அருந்தும் மதுவின் விலையைவிட மிகுதி. அதற்காகக் கடையை அடைத்துவிட முடியுமா? அந்த மூவருக்கும் போக வேறிடம் இல்லை.

இந்த இடத்தில்தான் பீட்டர் மேலின் நூலுடன் நாம் மாறுபடத் தொடங்குகின்றோம். அந்நூலைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. உணவைப் பற்றி அவர் எழுதும் பக்கங்கள் பசியைத் தூண்டுவன. புத்தாண்டு நாள் விருந்துடன் தொடங்கும் அந்நூல், குளிர்காற்றில் நீர்க்குழாய் வெடித்ததையும் மறைக்கவில்லை. கட்டுவேலை முடியாமல் இழுத்தடிக்கும் தொழிலாளரை அவர்தம் மனைவியருடன் விருந்துக்கு அழைத்து, அம்மனைவியரின் முன்னிலையிலேயே வேலையை முடிக்கத் தூண்டும் உத்தி நம்மையும் சிரிக்கவைத்தது. தம்மைத் தாமே எள்ளி நகையாடும் பண்பும் அவரிடம் உண்டு. ஆனால் நாம் கருத்தூன்றி நோக்கவேண்டியது ஒன்று: அந்நூலில் வரும் ஊரார் அனைவரும் எழுத்தாளருக்கு எதையேனும் விற்பவர் அல்லது அவருக்காக எதையேனும் செய்பவர். அவர் கையில் பணப்பை இருக்கிறது. அவர் காத்திருக்கிறார், ஆனால் அவரை எவரும் காக்கவைத்துச் சோதிப்பதில்லை. குழாய்ப்பணியாளர் வரத் தவறினால் அது அவருக்கு ஒரு நகைச்சுவைக் காட்சி. மதுக்கூடம் நடத்துபவருக்கோ ரொட்டி வண்டி வரத் தவறினால் வாசலில் நிற்கும் இருபது பேருக்கு விடைசொல்ல வேண்டும்.

வாங்குபவர் ஊரைப் பார்க்கிறார். விற்பவரையோ ஊர் பார்க்கிறது. மேலின் நூலில் பார்வை ஒருபக்கமாகவே ஓடுகிறது. கஃபேயின் மூலையில் அமர்ந்து சுருட்டுப் புகைக்கும் கிழவரை அவர் அழகாக வரையக்கூடும். அக்கிழவர் அவரைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரிவதில்லை. இந்நூல் தந்த புகழால் அவர் வீட்டைப் பார்க்கவே வாசகர்கள் திரண்டு வந்தனர் என்பதும், அத்தொல்லை பொறாது அவர் சில ஆண்டுகள் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, பின்னர் அதே நிலப்பகுதியின் லூர்மரேன் என்னும் ஊருக்குத் திரும்பினார் என்பதும் அறியத்தக்கன. 2018-இல் காலமாகும்வரை அப்பகுதியை அவர் விரும்பியே வாழ்ந்தார். பார்த்தவரே பார்க்கப்படும் பொருளான அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் அவர் நீண்டதொரு நூல் எழுதியிருக்க வேண்டுமென நமக்குத் தோன்றுகிறது.

அன்றாட ஒழுங்குகளிலும் இந்த வேறுபாடு விளங்கும். பிரெஞ்சுச் சிற்றூரின் கஃபேக்குள் நுழைபவர் முதலில் வணக்கம் கூறவேண்டும். பல ஊர்களில் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருடனும் கைகுலுக்குவர். கை ஈரமாயிருந்தால் மணிக்கட்டையேனும் நீட்டுவர். கடைக்காரரும் அவ்வாறே. யாருக்கு ‘நீ’, யாருக்கு ‘நீங்கள்’ என்பதைத் தவறாது அறியவேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பேசத் தொடங்கும்போதே கற்றுக்கொள்ளும் இப்பாகுபாடு, அனைவரையும் ஒரே சொல்லால் விளிக்கும் ஆங்கிலேயருக்குப் பெருஞ்சுமை. முந்திக்கொண்டு ‘நீ’ என்றால் துடுக்கு. பல ஆண்டுகள் கழித்தும் ‘நீங்கள்’ என்றால் விலகல். எவர் எந்த நாற்காலியில் அமர்வார், எவருடைய தந்தைக்கும் எவருடைய தந்தைக்கும் போர்க்காலத்திலிருந்து பேச்சு இல்லை, எவருக்குப் பற்று எழுதலாம், எவருக்கு எழுதலாகாது என்பன எந்தக் கையேட்டிலும் இல்லாதவை. அங்கே பற்றெழுதுவதைக் ‘கற்பலகை’ என்ற சொல்லாலேயே குறிப்பர். பலகையை எவரும் வைத்திருப்பதில்லை எனினும் சொல் தேயவில்லை.

இளைப்பாறுதலுக்காக ஒன்று. அந்தக் கஃபேக்களில் ‘கீர்’ என்று கேட்டால் வெண்மதுவில் கருந்திராட்சை போன்றதொரு கனியின் இனிப்பு மதுவைக் கலந்து தருவர். அப்பெயர் யாருடையது? திஷோன் நகரின் மேயராக 1945 முதல் 1968-இல் இறக்கும்வரை பணியாற்றிய கனோன் பெலிக்ஸ் கீர் என்னும் கத்தோலிக்கக் குருவினுடையது. தம் நகருக்கு வருவோரை அந்தப் பானத்தால் உபசரித்தவர் அவர். நம் குருக்களுள் மறையுரையால் நினைவுகூரப்படுவோர் சிலரே. கிண்ணத்தால் நினைவுகூரப்படுபவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மதுக்கூடம் நடத்தும் ஆங்கிலேயர் எதிர்கொள்ளும் பெரிய சோதனை, தம்மவர் கூட்டம். சுற்றுப்புறத்தில் வீடு வாங்கியிருக்கும் ஆங்கிலேயர் அனைவரும் தாய்மொழியில் பேச ஓரிடம் கிடைத்ததென மகிழ்ந்து வருவர். அவர்களுக்காகப் பொரித்த மீனும் வினாவிடை இரவும் கால்பந்து ஒளிபரப்பும் வரும். கல்லா நிறையும். ஆறு மாதங்களில் உள்ளூர் முதியவர் வரவை நிறுத்திக்கொள்வார். சண்டையிட்டன்று, ஓசையின்றி. தம் ஊரில் தாமே விருந்தாளியாகும் நிலையை எவர்தான் விரும்புவர்? தம்மவரைச் சேர்ந்திருக்கும் ஆவலைப் பழித்துப் பேச நமக்கு வாயில்லை. பாரிசு மாநகரின் லா ஷப்பேல் பகுதியில் நம் ஈழத்தமிழர் கடைகளில் கூடுவதும் அதே ஆவலால்தான். எனினும் அங்கே கூடும் நம்மவரை உலகம் ‘குடியேறிகள்’ என்கிறது. கிராமத்துக் கஃபேயில் கூடும் ஆங்கிலேயர் தம்மை ‘வெளிநாடு வாழ்வோர்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். சொல்லின் வேறுபாட்டில் பணத்தின் வேறுபாடும் நிறத்தின் வேறுபாடும் மறைந்துகிடக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் இறுதியுடன் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையற்ற குடியேற்ற உரிமை ஆங்கிலேயருக்கு நின்றுபோனது. அதற்குமுன் குடியிருந்தவர் வதிவிட அட்டை பெற்றுத் தொடர்ந்தனர். புதிதாக வருவோர் விசாவுக்கு வரிசையில் நிற்கின்றனர். வரிசையில் நிற்றல் என்பது என்னவென்று அவர்களுள் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

மேலுக்கு மாற்றாக நாம் பரிந்துரைக்க விரும்புவது லாரன்ஸ் வைலி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1957-இல் வெளியிட்ட ‘வோக்லூஸில் ஒரு கிராமம்’. மெனெர்ப்பிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ரூசியோன் என்னும் ஊரில் 1950-51-இல் மனைவி மக்களுடன் வாழ்ந்து, ஊருக்குப் பெய்ரான் எனப் புனைபெயரிட்டு எழுதியது அது. ஆய்வு நூலாயிற்றே என்று அஞ்சவேண்டா. கஃபேயும் சீட்டாட்டமும் இரும்புப்பந்து விளையாட்டும் மாலைநேர மதுவும் அதில் இடம்பெறுகின்றன, ஆனால் காட்சிப்பொருள்களாக அல்ல. ஓர் ஊர் தன் மனக்கசப்புகளை எங்கே கொட்டித் தணிக்கிறது என்பதற்கான விடையாகவே வருகின்றன. ஊரார் ஓயாமல் ‘அவர்கள்’ என்று குறைகூறுவதை வைலி கவனிக்கிறார். வரி கேட்போர், படைக்கு ஆள் பிடிப்போர், தலைநகரில் ஆள்வோர், ஊருக்கு வெளியே இருந்துகொண்டு ஊரை வருத்தும் யாவரும் ‘அவர்கள்’. அப்பக்கங்களை வாசிக்கையில், கல்லாவுக்குப் பின்னே நிற்கும் அயல்நாட்டுக்காரரின் நிலை நமக்குத் தெளிவாகிறது. வந்த நாளில் அவர் ‘அவர்கள்’ கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தச் சொல்லிலிருந்து அவர் எந்நாளில் வெளியேறினார் என்பதை ஊர் அவருக்குச் சொல்லாது. அவர் முன்னிலையிலேயே ‘அவர்களை’ வைது பேசும்போது தாமாக அறிந்துகொள்ள வேண்டியதுதான். வைலி பத்தாண்டு கழித்து அவ்வூருக்குத் திரும்பிச் சென்று, மாறியவற்றையும் மறைந்தோரையும் தம் நூலில் சேர்த்தார். ஓர் ஆண்டோடு நின்றுவிடாத அந்தப் பொறுப்புணர்வே அவரை மேலிடமிருந்து வேறுபடுத்துகிறது. கஃபே நடத்துபவருக்கும் ஓராண்டு என்பது கணக்கிலேயே சேராத காலம்.

புனைகதையில் இப்பொருளுக்கு மிக அணித்தாக வருவது ஜோன் ஹாரிஸ் எழுதிய ‘ஷொக்கொலா’ (1999). பிரெஞ்சுத் தாய்க்கும் ஆங்கிலத் தந்தைக்கும் பிறந்த எழுத்தாளர் அவர். ஊர் ஊராய்த் திரியும் வியான் என்னும் பெண், தவக்காலத்தின் வாசலில் ஒரு சிற்றூருக்கு வந்து கோவிலுக்கு நேர் எதிரே இனிப்புக்கடை திறக்கிறாள். பங்குத்தந்தை ரெனோ அவளை எதிர்க்கிறார். அவ்வூரின் கஃபே உரிமையாளன் மனைவியை அடிப்பவன். அவள் வியானிடம் அடைக்கலம் புகுகிறாள். குருவாகிய பாத்திரம் கொடியவராகக் காட்டப்பட்டதனால் நம்மவருள் சிலர் அந்நூலைப் புறக்கணித்தனர். 2000-இல் வந்த திரைப்படம் அந்த எதிர்ப்பை ஊர்த்தலைவரிடம் மாற்றிக் கொடுத்துக் குருவை இளைஞராகவும் அப்பாவியாகவும் ஆக்கியது. நமக்கோ அந்த மாற்றத்தில் உடன்பாடில்லை. கொடியவர் நம்மவருள்ளும் இருக்கலாகும் என்னும் கதையைக் கேட்கமாட்டாத செவிக்கு இலக்கியம் எதற்கு? தவிரவும் அவ்வெழுத்தாளரே 2012-இல் எழுதிய தொடர்கதையில் அதே குருவை ஊரால் பழி சுமத்தப்பட்டவராக்கி, வியானையே அவருக்குத் துணைநிற்க வைத்தார். அந்த இரக்கம் முதல் நூலைவிட ஆழமானது.

நம் குறை வேறிடத்தில் உள்ளது. கடைக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் எந்த இனிப்பு விருப்பமென்று வியான் கேளாமலே அறிந்துகொள்கிறாள். நூல் அதனை மாயவித்தையின் சாயலோடு சொல்கிறது. பதினைந்து ஆண்டுகள் கஃபே நடத்திய எவரும் அதனை மாயமின்றிச் செய்வர். கதவு திறக்கும் ஓசையிலேயே வருபவர் யாரென அறிந்து, அவர் மேலங்கியைக் கழற்றுமுன் அவருக்குரியதை எடுத்துவைப்பது அங்கே அன்றாடத் தொழில். நினைவாற்றலும் கவனிப்பும் சேர்ந்து உழைத்துப் பெற்ற ஒன்றைப் பிறவி வரமாக்கிவிட்டதில் நாவலாசிரியர் தம் பாத்திரத்தை உயர்த்தவில்லை, குறைத்துவிட்டார். உழைப்பை வித்தையாக்கும்போது வாசகரின் வியப்பு கூடுகிறது, மதிப்பு குறைகிறது. வாடகையும் வரியும் கடனும் அக்கதையை எவ்விடத்திலும் திசைதிருப்புவதில்லை என்பதும் இதன் தொடர்ச்சியே.

இந்நூல்கள் எவற்றிலும் நாம் தேடியும் காணாத காட்சி ஒன்று உண்டு. தெளிவாகப் போதையேறியவருக்கு மேலும் ஊற்றுவதைப் பிரெஞ்சுச் சட்டம் கடைக்காரருக்குத் தடைசெய்கிறது. சட்டம் எழுதுவது எளிது. மாலை ஏழு மணி, நாள்தோறும் வருபவர், மனைவியை இழந்து தனித்திருப்பவர், கிண்ணத்தை நீட்டி இன்னொன்று கேட்கிறார். கல்லாவுக்குப் பின்னே நிற்பவர் அயல்நாட்டார். அவருடைய பிரெஞ்சு அரைகுறை. ஊர் அவரை ஏற்றதா இல்லையா என்பது இன்னும் தீரவில்லை. அம்முதியவரின் காசும் அவருக்குத் தேவை, அவருடைய நல்லெண்ணம் அதைவிடத் தேவை. இல்லை என்று சொல்லவேண்டும். எந்தச் சொல்லால் சொல்வது? ‘நீங்கள்’ என்று தொடங்கினால் அதிகாரியின் குரலாகிவிடும். ‘நீ’ என்று சொல்லும் உரிமையை இன்னும் ஈட்டவில்லை. சொன்னபின் அவரை எவர் வீட்டில் கொண்டுபோய் விடுவது? மறுநாள் காலை அவர் காப்பிக்கு வரவில்லையெனில் கதவைத் தட்டிப் பார்ப்பவர் யார்? பிறருடைய குடியால் பிழைப்பவரே அவர் குடிக்கு வரம்பிடுபவராகவும், அவர் வராத நாளை முதலில் அறிபவராகவும் இருக்கும் இந்தச் சிக்கலில் ஒரு முழு நாவலுக்கான பொருள் அடங்கியுள்ளது. வீடு பழுதுபார்க்கும் நூல்கள் அதன் அருகில்கூட வரவில்லை.

நாம் பெரிதும் மதிக்கும் ஒரு நூலில் மட்டும் கல்லாவின் பின்புறத்திலிருந்து ஒரு பார்வை கிடைக்கிறது. அது குடியேறியவர் எழுதியதன்று. ழார்ழ் பெர்னானோஸ் 1936-இல் வெளியிட்ட ‘ஒரு கிராமப் பங்குக்குருவின் நாட்குறிப்பு’. குருமடத்தில் பயின்றோர் பலர் அதனை ஆன்ம வாழ்வுக்குரிய நூலாகவே படித்திருப்பர். அம்பிரிகூர் என்னும் சிற்றூரின் இளங்குரு, பிற உணவைத் தாங்காத வயிற்றுக்கு மதுவில் தோய்த்த ரொட்டியை உண்டு வாழ்வதும், அதனால் குடிகாரர் என்று ஊர் அவரைத் தூற்றுவதும் அனைவரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது அவருடைய இளமை. வறுமையால் அவர் சிறுவனாக அத்தையிடம் வளர்கிறார். அந்த அத்தை லான்ஸ் நகரின் பக்கத்தில் சுரங்கத் தொழிலாளருக்குக் கடும்மது விற்கும் எளிய எஸ்தாமினே ஒன்றை நடத்துகிறாள். வடபகுதியின் சிறு மதுக்கடைகளுக்கு அப்பெயர். அந்தச் சிறுவன் அங்கே கண்டது சீட்டாட்டத்தின் கலகலப்பை அன்று. உழைத்துக் களைத்த முகங்களையும், அவை கிண்ணத்தின்மேல் கவிவதையும், வறியவரின் துயரம் எத்தகையது என்பதையும் அவன் கண்டான். பின்னாளில் குருவாகித் தம் பங்கு மக்களின் முகங்களை அவர் வாசிப்பது, அந்தக் கடையில் கற்ற வாசிப்பினால்தான் என்று நாம் துணிந்து கூறுவோம். இறையியல் அதற்குப் பின்னர் வந்தது.

எஸ்தாமினே அந்நூலில் மீண்டும் ஒருமுறை வருகிறது. இளங்குரு லீல் நகருக்கு மருத்துவரைக் காணச் செல்கிறார். வயிற்றில் புற்று என்று அறிகிறார். வெளியே வந்தவருக்குச் செல்ல இடமில்லை. ஆயரில்லத்துக்கும் போகவில்லை, கோவிலிலும் தங்கவில்லை. ஒரு சிறு எஸ்தாமினேக்குள் நுழைந்து, மேசையருகே அமர்ந்து நாட்குறிப்பை எழுதுகிறார். 1951-இல் ரொபேர் ப்ரெஸ்ஸோன் எடுத்த திரைப்படத்திலும் இக்காட்சி உண்டு. மேல் அந்தக் கஃபேக்குள் நுழைந்திருந்தால் அன்றைய உணவு என்னவென்று நமக்கு நாவூற எழுதியிருப்பார். வைலி எத்தனை பேர் எந்த வேளையில் அங்கு வருகின்றனர் என்று குறித்திருப்பார். பெர்னானோஸோ கறுப்பு அங்கி அணிந்த ஓர் இளைஞர், தாம் சாகப்போவதை அறிந்த நாளில், பெயர் தெரியாதோர் நடுவே, ஒரு கிண்ணத்தின் விலைக்கு ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் பெற்றுத் தாளில் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறார்.